அவிழ்த்துப் பார்க்கக்கூடிய கட்டு

போன வருஷம் மேற்குக் கரையில் ஒரு நண்பரின் பாய்மரப் படகைப் பார்க்கப் போயிருந்தேன். கடலுக்குள் போகவில்லை, படகு துறையில்தான் கட்டிக் கிடந்தது. கையில் டீ டம்ளர். பேச்சு சுவாரசியத்தில், மேல்தளத்தின் ஓரமாக ஓடிய வெள்ளைக் கம்பி மேல் சும்மா சாய்ந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். கம்பி அறுந்துபோனது. பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் நான் விழவில்லை. டம்ளர் மட்டும் தண்ணீருக்குள் போனது.

அப்புறம் அறுந்த நுனியை எடுத்துப் பார்த்தோம். வெளியே பளிச்சென்று வெள்ளை பிளாஸ்டிக் உறை. உள்ளே எஃகுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறப் பொடி. நண்பர் சொன்ன ஒரே வாக்கியம்: "பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு!"

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். இந்த வாக்கியத்தை வேறு வேறு ராத்திரிகளில் வேறு வேறு ஆட்கள் வாயால் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியும் இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கம்பியின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தோண்டத் தோண்ட அது என்னைத் திரும்ப நம்ம ஊர்க் கடற்கரைக்கே கொண்டுவந்து விட்டது.

முதலில் இந்தக் கம்பி என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாய்மரப் படகின் விளிம்பில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன உலோகத் தூண்கள் நட்டிருப்பார்கள். அவற்றின் ஊடே படகைச் சுற்றி இரண்டு வரிசைக் கம்பி ஓடும். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் மாதிரி. ஆங்கிலத்தில் லைஃப்லைன் என்றும் கார்டு வயர் என்றும் சொல்வார்கள். தமிழில் காப்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். கடலோடப் போகும் போட்டிப் படகுகளுக்கு உலகப் பாய்மரச் சம்மேளனம் இதற்கென்று தனி விதிகளே வைத்திருக்கிறது. மேல் கம்பி தளத்திலிருந்து குறைந்தது 600 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தூண்களுக்கு நடுவே 2.2 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. படகின் நீளத்தைப் பொறுத்துக் கம்பியின் தடிமன் 3, 4 அல்லது 5 மில்லிமீட்டர்.

சரி, நம்ம கட்டுமரத்துக்கு ஏன் இது கிடையாது?

இந்தக் கேள்வி திருவிடந்தையில் வந்தது. தங்கை மகளுக்கு வரன் அமையவில்லை என்று நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மாலை வாங்கி, அர்ச்சனை செய்து, கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றும் பிரார்த்தனை. பெண்கள் வரிசையில் நிற்க, நான் வழக்கம்போல் நழுவிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். மணலில் வரிசையாக ஃபைபர் படகுகள். ஒரு ஓரத்தில், அறுபத்தைந்து வயது சொல்லலாம், ஒரு பெரியவர் கட்டுமரத்தின் கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுவிட்டுக் கயிற்றை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஐயா பிரிச்சிட்டீங்க?"

"காய வேணாமா? ஊறிச்சின்னா மரம் கனத்துடும் சார். நாலு பேர் தூக்குற மரத்த எட்டுப் பேரு தூக்கணும்."

"திரும்பக் கட்டணுமே?"

"கட்டித்தான் போவணும். கட்டாம எப்பிடிப் போறது?" என்னைப் பார்த்துச் சிரித்தார். "கட்டும்போதே கயிறு செத்துப்போச்சா இல்லையான்னு கைக்குத் தெரிஞ்சிடும்."

ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லையே, விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "வுழுந்தா ஏறிக்க வேண்டியதுதான்" என்றார்.

இந்த இரண்டு பதில்களையும் வைத்துத்தான் மீதிக் கட்டுரை.

இரண்டாவது பதிலை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டுமரம் தண்ணீர் மட்டத்தோடு மட்டமாக மிதக்கும். அலை அதன் மேலே ஏறி, கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். உள்ளே தண்ணீர் தேங்கப் பள்ளமே கிடையாது, அதனால் மூழ்கவும் மூழ்காது. விழுந்தவன் கையை ஊன்றி ஏறிவிடலாம். பாய் இறக்கியிருந்தால் அது அவனை விட்டுவிட்டு ஓடவும் ஓடாது. விழாமல் தடுப்பது அதன் பாதுகாப்பு இல்லை, விழுந்தாலும் பரவாயில்லை என்பதுதான் அதன் பாதுகாப்பு. வேலி தேவைப்படாத வடிவம்.

இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் வரிசை நீளம். 1670களில் இந்தக் கரையில் கப்பல் ஓட்டிய தாமஸ் பௌரி என்ற ஆங்கிலேய வணிகர் கட்டுமரத்தையும் மசூலாப் படகையும் படமே வரைந்து வைத்திருக்கிறார். அவருடைய கையெழுத்துப் பிரதி 1905ல்தான் ஹக்லூயிட் சங்கத்தின் வெளியீடாக அச்சில் வந்தது. 1697ல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலும் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வருகிறது. நம்முடைய 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது இப்படிப்பட்ட எழுத்துகள் வழியாகத்தான். இன்று அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைக் குறிக்கிறது. 1876ல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' அந்த வகைக்கு முன்னோடி. சொல் போனது, கட்டு போகவில்லை. அந்தப் படகுகளை யாரும் சாயங்காலம் பிரித்துக் காயப்போடுவதில்லை.

மசூலாப் படகின் கதை இன்னும் சுவாரசியம். சென்னைக்கு ரொம்ப நாள் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர, உடையும் அலைகளைத் தாண்ட வேண்டும். முதல் இரும்புப் பாலத்துறை 1861ல் வந்தது. துறைமுக வேலை 1870களின் நடுவில் தொடங்கி, 1881 புயலில் பெரும்பகுதி நாசமாகி, மறுபடி கட்டி முடிய 1890களாகிவிட்டது. அதுவரை, ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக்கு, கவர்னரிலிருந்து கடுதாசி வரைக்கும் எல்லாமே கரைக்கு வந்தது மசூலாவில்தான். சென்னை மட்டும் இல்லை, இந்தக் கரை முழுக்க அதே நிலைமை. திருவிடந்தைக்குப் பக்கத்துக் கோவளத்தில் 1720களில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு ஒரு வணிக நிலையம் இருந்தது. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்டிலிருந்து கிளம்பி வந்த அந்தக் கப்பல்காரர்களுக்கும் எதிரே இருந்தது இதே அலைதான்.

மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தையல் ஓடும் மூட்டுகளில் நாரையோ வைக்கோலையோ வைத்து அழுத்திக் கட்டுவார்கள். உள்ளே விலா எலும்பு மாதிரிச் சட்டங்களும் இல்லை. அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920ல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இந்தத் தையல் படகுக்கும் கட்டுமரத்துக்கும் நல்ல இடம் கொடுத்திருக்கிறார். நெளிகிற ஒவ்வொரு முறையும் கயிறு தேயும். அதனால் தையலைப் பிரித்து, பலகையைப் பார்த்து, மறுபடியும் தைப்பது இந்த வகைப் படகுகளுக்கு எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். பழுது பார்ப்பது தனி வேலை இல்லை, படகு வைத்திருப்பதன் ஒரு பகுதி.

மசூலாவில் ஏறிய வெள்ளைக்காரர்களுக்கு என்ன காப்பு இருந்தது? இங்கேதான் அழகு. மசூலா கவிழ்ந்தால் ஆட்களைப் பொறுக்கி எடுக்கக் கூடவே கட்டுமரங்கள் போகும். அப்படி உயிர் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் கொடுத்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளில் வருகிறது. அன்றைய சென்னையின் காப்புக் கம்பி, கயிறு கட்டிய நாலு கட்டையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த மனிதனும்தான்.

இனி வேலி எப்போது தேவைப்பட்டது என்ற கேள்விக்கு வருவோம். விளிம்பு உயர்ந்ததும். தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரத்தில் தளம் இருக்கும் படகிலிருந்து விழுந்தவன், ஈரத் துணியோடு தானாக ஏறவே முடியாது. கூட இருப்பவர்கள் தூக்குவதும் சாமானியமில்லை. தவிர, பாய் விரித்த படகு நிற்காது. நீங்கள் கத்தி முடிப்பதற்குள் அது நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பெரிய மரக்கப்பல்களில் இடுப்புயரப் பக்கச்சுவர் இருந்தது. புயலில் தளத்தின் மேல் நெட்டுக்குக் கயிறு இழுத்துக் கட்டி, அதைப் பிடித்து நடப்பார்கள். சின்னப் பாய்மரப் படகுகளுக்கு அந்தச் சுவர் கனம். அதற்குப் பதிலாகத்தான் தூணும் கம்பியும்.

கம்பி இல்லாமல் கடலோடியவர்களும் உண்டு. பிரான்சில் எரிக் தபார்லி என்றால் நம்ம ஊர் கிரிக்கெட் நட்சத்திரம் மாதிரி. 1964ல் தனியாளாக அட்லாண்டிக் கடக்கும் போட்டியில் ஜெயித்தவர். அவருடைய குடும்பப் படகு 'பென் துயிக்', 1898ல் கட்டியது. பழைய அழகு கெடாமல் இருக்க அதில் காப்புக் கம்பியே வைக்கவில்லை. 1998 ஜூனில், அந்தப் படகின் நூறாவது ஆண்டுக்காக ஸ்காட்லாந்து போகும் வழியில், வேல்ஸ் பக்கம் நடு ராத்திரி பாய் மாற்றும் வேலையில் இருந்தபோது பாயின் மேல்கட்டை அவரைத் தட்டிக் கடலில் தள்ளிவிட்டது. கூட ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் இருட்டில் அவரைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து ஒரு மீன்பிடிப் படகின் வலையில் உடல் கிடைத்தது. கம்பி இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்கக் கடலிலேயே இருந்த மனிதருக்கும் அந்த ஒரு நொடி வரும் என்பது மட்டும் நிச்சயம்.

கம்பியோ பட்டையோ இருந்தும் போன உயிர்கள் உண்டு. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல். போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள், 24 படகுகள் கைவிடப்பட்டன. உடம்பில் கட்டிய பாதுகாப்புப் பட்டையும் அதை மாட்டியிருந்த இடமும் விட்டுப்போனது அந்தச் சாவுகளின் காரணங்களில் ஒன்று. 2017ல் உலகம் சுற்றும் போட்டி ஒன்றில் ஒருவர் கடலில் விழுந்தார். அவர் கட்டியிருந்த பட்டை அறுகவில்லை. அதன் நுனியில் இருந்த கொக்கி ஒரு இரும்புக் குமிழுக்கு அடியில் குறுக்காக மாட்டி, பக்கவாட்டு இழுப்பில் வளைந்து திறந்துவிட்டது. நேராக இழுத்தால் அந்தக் கொக்கி அசைந்திருக்காது.

இந்தப் பக்கவாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் காப்புக் கம்பியின் முழு ரகசியமும் அதில்தான் இருக்கிறது. வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாகக் கட்டின கொடியில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டால் சுவரிலிருந்து ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். போர்வையின் எடை கொஞ்சம்தான். ஆனால் கயிறு எவ்வளவு குறைவாகத் தொய்கிறதோ அவ்வளவு மடங்கு அதிகமாக இரண்டு முனையும் இழுபடும். போட்டி விதிப்படி, மேல் கம்பியின் நீளமான இடைவெளியின் நடுவில் 4 கிலோ விசையில் தள்ளினால் 50 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. 2.2 மீட்டர் இடைவெளிக்குக் கணக்குப் போட்டால், அந்த 4 கிலோ தள்ளலுக்குக் கம்பியில் 44 கிலோ இழுவை. பதினொரு மடங்கு. எழுபது கிலோ ஆள் சாய்ந்து, கம்பி 20 சென்டிமீட்டர் விலகினால் இழுவை கிட்டத்தட்ட 200 கிலோ. அலை அடித்து ஓடிவந்து மோதினால் அதைவிடப் பல மடங்கு.

புதிய 5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். எனவே நடுக்கம்பி லேசில் அறுவதில்லை. போவது முனைகளும் தூணின் அடியும்தான். தூண் 60 சென்டிமீட்டர் உயரம், அதன் அடித்தட்டின் போல்ட்டுகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டர் என்றால், உச்சியில் 70 கிலோ தள்ளினால் போல்ட்டில் 700 கிலோ. கடப்பாரைக் கணக்கு. துறையில் படகை இழுத்து நிறுத்த எல்லோரும் முதலில் பிடிப்பது இந்தத் தூணைத்தான். பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு இழுப்பிலும் அடித்தட்டின் பசை கொஞ்சம் விட்டு, மழைத் தண்ணீர் தளத்துக்குள் இறங்கும். தளத்தின் நடுவே இலேசான மரம் வைத்திருக்கும் படகுகளில் அது உள்ளேயே மக்கிப்போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இப்போது அந்த வெள்ளை உறைக்கு வருகிறேன். துருப்பிடிக்காத எஃகு என்கிறோம். அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகிவிடும். கீறல் விழுந்தால் படலம் தானே மறுபடி உருவாகும், ஆக்சிஜன் கிடைத்தால். கம்பி கையை வெட்டாமல் இருக்க, பாய் உரசாமல் இருக்க, பார்க்க அழகாக இருக்க, அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டார்கள். முனையில் உறை முடியும் இடத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கினது வெளியே வராது, உள்ளே காற்றும் வராது. படலம் போய்விடும், உப்பு தின்னத் தொடங்கும். காப்பாற்றுவதற்காகப் போட்ட சட்டைதான் கம்பியைக் கொன்றது. இன்றைய விதிகள் உறை போடாத கம்பிதான் வேண்டும் என்கின்றன. மேலே கழற்றக்கூடிய குழாய் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அடிக்கடி கழற்றிக் கம்பியைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நண்பர் படகில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். உறை போட்ட கம்பி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டோம். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றும் யோசனை முதலில் இருந்தது. ஒரே வயசுக் கம்பிகளில் ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். நடுவில் ஒட்டுப்போடுவதும் கிடையாது, மாற்றினால் முழு நீளமும். முனைகளை அழுத்திப் பொருத்துவதற்குப் பெரிய அழுத்தும் இயந்திரம் வேண்டும், சுத்தியலால் தட்டிச் செய்கிற வேலை இல்லை. திருகிப் பூட்டும் முனைகளும் கிடைக்கின்றன, அவற்றைக் கைக்கருவிகளாலேயே மாட்டிவிடலாம். தேவைப்பட்டால் திறந்தும் பார்க்கலாம். நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

அதன்பின் வழக்கமான சோதனை. ஒரு பஞ்சைக் கம்பி முழுக்க ஓட்ட வேண்டும், ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டும். கையால் தடவிப் பார்க்காதீர்கள், சதை கிழியும். முனைகளில் பழுப்புக் கண்ணீர் வடிந்த தடம் இருக்கிறதா, நெட்டுக்கு மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். இழுத்து முறுக்கும் திருகுகளில் மரை போதுமான அளவு உள்ளே இருக்கிறதா, பிளவு ஊசிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். தூணை ஆட்டிப் பார்க்க வேண்டும். அடித்தட்டைச் சுற்றித் தளத்தைத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இடம் 'டண்' என்னும், மக்கினது 'தொத்' என்னும், தேங்காய் பார்த்து வாங்குகிற மாதிரி. கடைசியாக நல்ல தண்ணீரில் கழுவி விட வேண்டும். மொத்தமாக ஒரு மணி நேர வேலை.

இவ்வளவும் செய்த பிறகு, இன்றைய மாலுமிகள் பலர் எங்கே போய் நிற்கிறார்கள் தெரியுமா? கயிற்றில். டைனீமா என்கிற செயற்கை இழை 1990ல் நெதர்லாந்தில் வணிக உற்பத்திக்கு வந்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலு, துருவும் கிடையாது. அதைக் காப்புக் கம்பிக்குப் பதிலாகக் கட்டுகிறார்கள். தூணில் உரசினால் தேயும், வெயிலில் வலுவிழக்கும், எனவே எல்லா வகைப் போட்டிக்கும் அனுமதி இல்லை. ஆனால் தேய்வது கண்ணுக்குத் தெரியும். எஃகுக் கம்பியிலும்கூட ஒரு முனையைத் திருகுக்குப் பதிலாகக் கயிற்றால் பல சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டலாம் என்று விதி சொல்கிறது. இரண்டு நிபந்தனை: அந்தக் கட்டு மூடும் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வருஷத்துக்கு ஒரு முறையாவது கயிற்றை மாற்றிவிட வேண்டும்.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தாலிக் கயிறையே ஆடிப்பெருக்குக்கு மாத்துறோம். இதுல என்ன அதிசயம்?" என்றாள். எனக்குத்தான் இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுக்கு இன்று எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு ஒரு சமீபத்திய உதாரணம். 2024 அக்டோபர் 2ல் கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகு கிளம்பியது. இரண்டே பேர்: லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும். ரூபா அழகிரிசாமியின் அப்பாவுக்கு ஊர் புதுச்சேரி. ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என்று நாலே நாலு இடத்தில் நின்று, கேப் ஹார்னைச் சுற்றி, 2025 மே 29ல் திரும்பி வந்தார்கள். ஏறக்குறைய எட்டு மாதம். இரண்டு பேர் ஓட்டும் படகில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாள். தென் கடலின் ராத்திரியில் அவர் வழுக்கினால் பார்க்கவும் ஆள் இல்லை. அங்கே கம்பியும், இடுப்பில் கட்டிய பட்டையும், அது மாட்டும் கொக்கியும்தான் துணை. அதனால்தான் இப்படிப்பட்ட பயணங்களில் துறை வந்ததும் ஊர் சுற்றுவதற்கு முன்னால் கயிறு, கம்பி, ஊசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் வேலை வருகிறது.

திரும்பத் திருவிடந்தைக்கு வருகிறேன். அந்தப் பெரியவரின் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் படகுகள் வரிசையாக நின்றன என்று சொன்னேன் அல்லவா? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் வேகமாகக் குறைந்து, ஃபைபர் படகு அந்த இடத்தைப் பிடித்தது. வேகம், தூரம், நிறைய மீன், உடம்புக்குக் குறைந்த பாடு. யாரும் திரும்பிப் போகப் போவதில்லை, போகச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். விளிம்பு உயர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், படகு நிற்காது. தனியாகப் போனவன் விழுந்தால், "ஏறிக்க வேண்டியதுதான்" என்பது இனிமேல் செல்லாது. கட்டுமரத்தின் வடிவத்திலேயே இருந்த காப்பு போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை.

வலை இழுக்கிற படகைச் சுற்றிக் கம்பி கட்டச் சொல்லவில்லை. அது வேலைக்கு ஆகாது. அவுட்போர்டு மோட்டாரோடு ஒரு சுருள் கயிறு வரும். ஒரு முனை இன்ஜினில், இன்னொரு முனை ஓட்டுபவர் கையிலோ இடுப்பிலோ. அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். படகு அங்கேயே கிடக்கும். பக்கவாட்டில் ஒரு கயிற்று வளையம் தொங்கவிட்டிருந்தால் அதில் கால் வைத்து ஏறிவிடலாம். இரண்டும் சேர்ந்தால், கட்டுமரத்திடம் இருந்த குணத்தில் பாதி திரும்ப வந்துவிடும். அன்று மணலில் நின்ற படகுகளில் நான் பார்த்த ஒன்றிரண்டில் அந்தச் சுருள் கயிறு இன்ஜினிலேயே சுற்றிக் கட்டப்பட்டிருந்தது, தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காக.

பெரியவரிடம் கிளம்பும்போது அதைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் பையன் போட்டுதான்" என்றார். எழுந்து போய் அந்தச் சுற்றை அவிழ்த்து, நுனியை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிட்டார். பிறகு தன் கட்டைகளிடம் திரும்பி வந்து கயிற்றை எடுத்தார். கோயில் பக்கமிருந்து கழுத்தில் மாலையோடு என்னைத் தேடிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள் தங்கை மகள்.